‘வலது கை’ என்று எழுதியிருந்த பாட்டில்

சோப்பு அக்கா யாரைக் கண்டாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். நகம் வளர்ந்திருக்கிறதா, மோதிரம் கிடக்கிறதா, கடிகாரம் கட்டியிருக்கிறதா, கழுவின ஈரம் காய்ந்ததா என்று ஒரு நோட்டம். எல்லாம் சரியாக இருந்தால்தான் கண் மேலே ஏறும், பிறகுதான் “சாப்டீங்களா?” என்ற விசாரிப்பு வரும். பெரிய டாக்டர், துடைக்கிற அம்மா, நோயாளியைப் பார்க்க வந்த மாமியார் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் பட்டப்பெயர் அவருக்கு வந்தது இப்படித்தான். வைத்தது யார் என்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் லேபில் வேலை பார்க்கிறவன். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பகுதி என் பொறுப்பு. வார்டுகளிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களில் ரத்தம் வரும். அதையெல்லாம் பீரோ அளவிலான ஒரு மிஷினுக்குள் அடுக்கி வைப்பேன். உள்ளே இதமான சூடு, ஓயாத ஆட்டம். கிருமி இருந்தால் வளரும். வளர்ந்ததும் மிஷின் கத்தும், உள்ளே வைத்து எத்தனை மணி நேரம் எத்தனை நிமிடத்தில் வளர்ந்தது என்று திரையில் காட்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் அந்தக் கத்தலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ‘பாட்டில்’ என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் நான் குடிப்பவன் என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் ஒரு மாதிரியாகவே பார்ப்பார்கள். நான் டீயைக்கூட லைட்டாகத்தான் குடிப்பேன்.

அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

அவருடைய வேலை தொற்றுத் தடுப்பு நர்ஸ் வேலை. அதை அவராகத்தான் கேட்டு வாங்கினார். அதற்கு முன்னால் பல வருஷம் ஐ.சி.யூ.வில் படுக்கையோடு படுக்கையாக நின்றவர். அங்கே பாதிப் பேருக்காவது கழுத்தில் லைன் இருக்கும். கழுத்திலோ தோளுக்குக் கீழோ பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழைத்து, இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் மெல்லிய குழாய் அது. கையில் நரம்பு கிடைக்காதவர்களுக்கும் வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கும் அதுதான் கதி. மருந்தும் சாப்பாடும் போகிற வழியிலேயே கிருமியும் போகும் என்பதுதான் அதில் சங்கடம். வெளியே தெரிகிற மூடியைத் துடைக்காமல் ஒரு தடவை ஊசியைச் சொருகினால் போதும். ஒருமுறை ஒரே மாதத்தில் நாலு பேர் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் அக்கா பார்த்துக்கொண்ட படுக்கை. அடுத்த மாதமே மேலிடத்தில் போய் நின்று, யாரும் சீந்தாத இந்த வேலையைக் கேட்டார். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு. அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நிம்மதி போயிற்று. லைன் போடும்போது டாக்டர் தொப்பி, மாஸ்க், கவுன் எல்லாம் போட வேண்டும், நோயாளியைத் தலை முதல் கால் வரை துணியால் மூட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அக்கா நடுவில் புகுந்து, “நிறுத்துங்க சார்” என்பார். மூடியில் ஊசி சொருகும் முன் ஸ்பிரிட் துணியால் பதினைந்து நொடி தேய்க்க வேண்டும், அதையும் வாய்விட்டு எண்ணித் தேய்க்க வேண்டும். ஐ.சி.யூ. பக்கம் போனால் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நாலைந்து குரல் கேட்கும். ஒன்றாம் வகுப்புப் பக்கம் வந்துவிட்டோமோ என்று நானே ஒரு தடவை கிண்டல் செய்தேன். காலையில் ஒவ்வொரு படுக்கை அருகிலும் நின்று ஒரே கேள்வி கேட்பார்.

“இந்த லைன் இன்னிக்கும் வேணுமா?”

வேண்டாம் என்றால் அப்போதே எடுத்துவிட வேண்டும், சாயங்காலம் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஐ.சி.யூ. வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். ‘கடைசி லைன் தொற்று வந்து இத்தனை நாள்’ என்று எழுதி, தினமும் காலையில் எண்ணை அழித்து அடுத்ததை எழுதுவார். முதல் வருஷத்தில் அது இருபதைத் தாண்டவே திணறியது. நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த சமயத்தில் இருநூற்றுப் பதினாறில் நின்றது.

இனி அந்தப் பாட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

லைன் போட்டவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தால் கிருமி எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். லைனிலா, வேறு இடத்திலா. வெளியே பார்த்தால் லைன் போட்ட இடம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், அதை நம்ப முடியாது. அதனால் ஒரே நேரத்தில் இரண்டு ரத்தம் எடுப்பார்கள். ஒன்று லைனிலிருந்து, இன்னொன்று கையில் ஊசி குத்தி. இரண்டும் என்னிடம் வரும். லைனில்தான் கிருமி குடியிருக்கிறது என்றால் லைன் ரத்தத்தில் கிருமிக் கூட்டம் அதிகம், அந்தப் பாட்டில் முந்திக் கத்தும். இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தினால் லைன்தான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் கத்தினால் லைன் மேல் பெரிய சந்தேகம் இல்லை, வேறு இடத்தில் தேடு என்று அர்த்தம்.

இதில் ஒரு திருட்டு வேலை உண்டு. ரொம்ப நாள் படுத்தவர்களுக்குக் கையில் நரம்பே கிடைக்காது. குத்தினால் அழுவார்கள். நர்ஸும் மனுஷிதானே, இரண்டையும் லைனிலிருந்தே எடுத்துவிட்டு ஒன்றில் ‘வலது கை’ என்று எழுதி அனுப்பிவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் ஒரே இடத்து ரத்தம் ஒரே நேரத்தில்தானே வளரும்? லைனே குற்றவாளியாக இருந்தாலும் என் மிஷின் அதை நிரபராதி என்று விடுதலை செய்துவிடும்.

அக்கா இதைப் பிடித்தார். கண்ணாடி போட்ட ஒரு சின்ன நர்ஸ் மாட்டிக்கொண்டாள். எல்லோர் முன்னாலும் காய்ச்சி எடுத்ததோடு மெமோவும் கொடுத்தார். அதன்பிறகு என்னிடம் வந்து ஒரு விதி போட்டார்.

“அண்ணே, கையில எடுத்த பாட்டில் இல்லாம லைன் பாட்டில் மட்டும் வந்தா வாங்காதீங்க. திருப்பி அனுப்புங்க. திரும்ப குத்தி எடுக்கட்டும்.”

“அழுவாங்களே அக்கா.”

“அழுதா பொழைச்சுக்குவாங்க.”

அந்த வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தெரு தள்ளித் தங்கை வீடு. தங்கை பள்ளிக்கூட டீச்சர், தங்கை வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அங்கேதான். தங்கை அக்காவுக்கு நேர் எதிர், சிரித்துச் சிரித்துப் பேசும் ஆள். காய் நறுக்க உட்காரும் முன் இரண்டு கையையும் அக்கா முன்னால் நீட்டி, “இன்ஸ்பெக்டர் மேடம், கை பாத்துக்கோங்க” என்பாளாம். அக்கா நிஜமாகவே பார்ப்பாராம். இதைத் தங்கையே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் லேபில் எட்டிப் பார்த்து, “எங்க அக்கா உங்களையாவது சும்மா விடுறாளா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

அந்தத் தங்கைக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ஆபரேஷன் செய்து கொஞ்சம் குடலை வெட்டி எடுத்து மீதியை ஒட்டினார்கள். வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பதால் கழுத்தில் லைன் போட்டு, பால் மாதிரி இருக்கும் சத்துப் பையை அதன் வழியாக ஏற்றினார்கள். லைன் போட்டபோது அக்கா கூடவே நின்றார். தொப்பி, மாஸ்க், துணி, ஒன்றும் குறையவில்லை. எட்டு நாள் நன்றாகப் போயிற்று. ஒன்பதாம் நாள் சாயங்காலம் பையை மாற்றிப் போட்ட அரை மணியில் பல் கிட்டும் குளிர், பிறகு நெருப்பாய்க் காய்ச்சல்.

பை ஏறியதும் குளிர் என்றால் லைன்தான் என்று முதலில் சொன்னதே அக்காதான். ஐ.சி.யூ. டாக்டர் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு கவலை இருந்தது.

“லைனை எடுத்துட்டா வேற எங்க போடுறது? கழுத்துல அந்தப் பக்கம் ரெண்டு தடவை முயற்சி பண்ணி முடியல. வயித்துல ஒட்டின இடம் கசியுதோன்னும் இருக்கு. ரெண்டு கல்ச்சரும் எடுங்க. காலையில பாத்து முடிவு பண்ணுவோம்.”

நியாயமான பேச்சுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரத்தம் எடுக்க வந்தது அதே கண்ணாடி நர்ஸ். லைனிலிருந்து ஒழுங்காக எடுத்தாள். கையில் இரண்டு முறை குத்தினாள், கிடைக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தால் யாருக்கும் மனசு வராது. முழங்கை வரை கறுத்து, வீங்கி, தொட்டாலே முகம் சுளிக்கும் நிலை. அக்கா அவளைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

“நீ போய் அடுத்த பெட்டைப் பாரு. நான் எடுக்கிறேன்.”

அவள் போய்விட்டாள். அக்கா ஒரு முறை குத்தினார். அக்கா குத்தி நரம்பு தப்பி நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்குத் தப்பியது. இவையெல்லாம் பின்னால் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தங்கை கண்ணைத் திறந்து பார்த்தாளாம். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. “அக்கா, நீயுமா?” என்றாளாம்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் அக்கா உடைந்துபோனார். இன்னொரு ஊசியைப் பிரித்து, பதினைந்து வரை எண்ணி மூடியைத் தேய்த்து, இரண்டாவது ரத்தத்தையும் லைனிலிருந்தே எடுத்தார். பாட்டிலில் நர்ஸ் முன்பே லேபிள் ஒட்டி ‘வலது கை’ என்று எழுதி வைத்திருந்தாள். அதை அடித்து ‘லைன்’ என்று எழுத ஒரு பேனா போதும். ஆனால் அப்படி எழுதி அனுப்பினால் என்ன நடக்கும்? நான் திருப்பி அனுப்புவேன். அது அவர் போட்ட விதி. திரும்பவும் யாராவது வந்து தங்கையைக் குத்துவார்கள். அக்கா அதை அடிக்கவில்லை. எடுத்தவர் கையெழுத்து என்ற இடத்தில் தன்னுடைய சின்னக் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டார்.

நான் மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்தேன். கால் மணி நேரத்துக்கு முன்பே மிஷின் கத்தியிருந்தது. லைன் பாட்டில் வளர எடுத்தது பதினோரு மணி நேரம் நாலு நிமிடம். வலது கை பாட்டில் பதினோரு மணி நேரம் ஒன்பது நிமிடம்.

என் கதையை இங்கே சொல்லாமல் தாண்டினால் நான் மனுஷன் இல்லை. ஐந்து நிமிட வித்தியாசத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வயிற்றிலிருந்து வரும் கிருமியானாலும் இரண்டு இடத்து ரத்தம் அவ்வளவு ஒட்டி வருவது அபூர்வம். ஒரே இடத்தில் எடுத்து இரண்டு பாட்டிலில் ஊற்றினால்தான் பெரும்பாலும் அப்படி வரும். வேறு எந்த நர்ஸின் கையெழுத்தாக இருந்தாலும் அடுத்த நிமிடம் போனை எடுத்து, “ஏம்மா, நிஜமா கையிலதான் எடுத்தியா?” என்று கேட்டிருப்பேன். எத்தனையோ பேரை அப்படிக் கேட்டு அழ வைத்திருக்கிறேன். லேபிளைத் திருப்பினேன். அக்காவின் கையெழுத்து. சோப்பு அக்காவிடம் போய்க் கையிலதான் எடுத்தீங்களா என்று கேட்பதா? அதுவும் காய்ச்சலில் கிடக்கிற சொந்தத் தங்கைக்கு? சீச்சீ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். குடலில் சகஜமாக இருக்கிற வகைக் கிருமி. ஐ.சி.யூ.வுக்குப் போன் போட்டு, இரண்டும் ஒரே நேரம், குடல் வகைக் கிருமி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டாக்டர் ஏழு மணிக்கு முடிவெடுத்தார். குடல் கிருமி, இரண்டு பாட்டிலும் ஒரே நேரம், ஆக லைன் இல்லை, ஒட்டின இடம்தான் கசிகிறது. ஸ்கேனில் கொஞ்சம் நீர் தேங்கியது போல் தெரிந்ததும் சந்தேகம் உறுதியாயிற்று. அக்கா எட்டு மணிக்கு வந்தபோது தங்கையை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள்.

“சார், லைனையும் எடுத்துடுங்க சார்” என்றார் அக்கா.

“ஏன்க்கா? நீங்க எடுத்த கல்ச்சர்தானே லைன் இல்லைன்னு சொல்லுது? நீங்களே உங்க டெஸ்ட்டை நம்பலைன்னா எப்படி?”

அக்கா ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

வயிற்றைத் திறந்தார்கள். ஒட்டின இடம் சுத்தமாக இருந்தது. கசிவும் இல்லை, சீழும் இல்லை. மூடிக்கொண்டு வந்தார்கள். அந்த லைன் வழியாகவே மயக்க மருந்து போயிற்று, ஆன்டிபயாடிக் போயிற்று, சத்துப் பையும் போயிற்று. மறுநாள் மத்தியானம் ரத்த அழுத்தம் விழுந்தது. அப்போதுதான் லைனைப் பிடுங்கி, நுனியை வெட்டி எனக்கு அனுப்பினார்கள். அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தங்கை இறந்துபோனாள். நாற்பத்தி நாலு வயது.

அவளைக் கொண்டுபோன மறுநாள் நான் அந்தத் தட்டைத் திறந்தேன். லைன் நுனியைத் தட்டில் உருட்டி வைத்தால் அதிலுள்ள கிருமி புள்ளி புள்ளியாக வளரும். பதினைந்து புள்ளி வந்தாலே லைன் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். இதில் எண்ணவே முடியவில்லை, தட்டு முழுக்க அப்பிக் கிடந்தது. ரத்தத்தில் வந்த அதே கிருமி. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். லைன்தான் என்றால் அந்த ஐந்து நிமிடம் எப்படி? எப்படி என்பது எனக்குத் தெரியும். ஆறு மணிக்கே தெரியும்.

தங்கை இறந்த ஆறாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். நேரே லேபுக்கு வந்தார். எப்போதும் என் கையைப் பார்க்கிறவர் அன்றைக்கு முகத்தைப் பார்த்தார்.

“நுனி கல்ச்சர் வந்துடுச்சா அண்ணே?”

தட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஊசி தப்பியது, நீயுமா என்றது, லேபிளை அடிக்காமல் விட்டது. அழவில்லை. பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

“சரி, அன்னிக்கு வலிக்குதேன்னு செஞ்சிட்டீங்க. காலையில டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை.

“வாய் வரைக்கும் வந்துச்சு அண்ணே. அந்தக் கண்ணாடிப் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா. அவளுக்கு மெமோ கொடுத்த வாய். மருந்து போகுதே, சாயங்காலத்துக்குள்ள காய்ச்சல் இறங்கிடும், அப்புறம் தனியா சொல்லிக்கலாம்னு பாத்தேன்.” தட்டை மூடி வைத்தார். “கௌரவம் பாத்தேன் அண்ணே. அவ உசுரை வச்சுக்கிட்டு நான் கௌரவம் பாத்தேன்.”

நானும் கேட்காமல் விட்டேன் என்று சொன்னேன். பதினோரு மணி நாலு நிமிடம், ஒன்பது நிமிடம், உங்கள் கையெழுத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னேன். அதற்கு அவர், “அப்போ ரெண்டு பேரும்” என்றார்.

மாதக் கூட்டம் அடுத்த வாரம். அந்த மாதம் யார் யாருக்கு என்ன தொற்று, எங்கிருந்து வந்தது என்று முடிவு செய்து எழுதும் கூட்டம். டாக்டர் ஆதரவாகத்தான் பேசினார். பாட்டில் நேரம் ஒன்றாக இருக்கிறது, நுனியில் வளர்ந்தது ரத்தத்திலிருந்து ஒட்டியதாகவும் இருக்கலாம், குடலிலிருந்து வந்த தொற்று என்றே எழுதலாம், லைன் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். அக்காவுக்கு இன்னொரு துக்கம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த விஷயம் அன்றோடு மண்ணுக்குள் போயிருக்கும். பலகையில் எண்ணும் ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

அக்கா எழுந்து நின்றார்.

“வலது கைன்னு எழுதியிருந்த பாட்டில் கையில எடுத்தது இல்ல. ரெண்டுமே லைன்ல எடுத்தது. எடுத்தது நான். இது லைன் தொற்று.”

நானும் எழுந்து என் பங்கைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர்தான் வயிற்றைத் திறக்கச் சொன்னவர். ஒன்றுமில்லாத வயிற்றை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தச் சின்ன நர்ஸ், “நான் செஞ்சப்ப என்னை மட்டும் அப்படிக் கேட்டீங்களே அக்கா” என்று சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் அழுதது பழைய மெமோவுக்கா, அன்று ஊசியைக் கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனதற்கா, எனக்குத் தெரியாது.

இந்த மாதிரித் தப்புக்கு மெமோ எழுதுகிற அதிகாரம் அக்காவிடம்தான் இருந்தது. ஆகவே தனக்கான மெமோவை அவரே தட்டச்சு செய்தார். கொடுத்தவர் என்ற இடத்திலும் வாங்கிக்கொண்டவர் என்ற இடத்திலும் அதே சின்னக் கையெழுத்து. கோப்பில் அது இன்னும் இருக்கிறது. வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் கிண்டல் செய்திருப்பேன்.

கூட்டம் முடிந்ததும் ஐ.சி.யூ. வாசலுக்குப் போனார். அவர் லீவில் இருந்த நாட்களிலும் யாரோ பலகையில் எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இருநூற்று முப்பதாகி இருந்தது. அழித்தார். பூஜ்யம் போட்டார். உள்ளே யாரோ ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, சாயங்காலம் கூட வர்றீங்களா?” என்று கேட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தங்கை வீட்டுக்காரர் டிரைவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் பாத்திரம் துலக்காமல் கிடக்கிற வாடை அடித்தது. துணிக்கொடியில் தங்கையின் புடவை ஒன்று அப்படியே தொங்கியது. அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பாட்டில், மிஷின், நேரம் என்று ஒன்றையும் மறைக்காமல், ஒரு டிரைவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

“ரொம்ப வலிச்சுதாக்கா அவளுக்கு?”

“ஆமா தம்பி. ‘அக்கா, நீயுமா’ன்னு கேட்டா.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நானா இருந்தாலும் குத்தியிருக்க மாட்டேன்க்கா.”

“நீங்க நர்ஸ் இல்ல தம்பி” என்றார் அக்கா.

அவர் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசல் வரை வந்து, “இருட்டா இருக்கு, பாத்துப் போங்க” என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா இப்போதும் அங்கே போகிறார். சமைத்து வைத்துவிட்டு, அவர் எழுந்து வருவதற்குள் திரும்பிவிடுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அக்கா வேலையை விட்டுவிடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே அதே மேசை, அதே உடைந்த நாற்காலி. ஆனால் முன்பு போல யாரையும் எல்லோர் முன்னாலும் காய்ச்சுவதில்லை. கை நரம்பு கிடைக்காதவர்களுக்கு, கண்ணாடி நர்ஸைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார், ஒருவர் நோயாளியின் தோளைப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் ரத்தம் எடுக்கிறார். முடியவே முடியாவிட்டால் லேபிளில் இருப்பதை அடித்து உள்ளதை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். விதியையும் மாற்றிவிட்டார். அப்படி வந்தால் நான் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கி வைத்துக்கொண்டு, இதை வைத்து லைனை விடுதலை செய்ய முடியாது என்று சிவப்பு மையில் எழுதி டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இதை முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இன்னொரு விதியும் உண்டு, அது எங்கும் எழுதப்படவில்லை. ‘கை’ என்று எழுதிய பாட்டில் எது வந்தாலும் நான் போன் போட்டுக் கேட்க வேண்டும். கையெழுத்து யாருடையது என்று பார்க்கக் கூடாது. அக்காவுடையது வந்தாலும் கேட்க வேண்டும். முதல் தடவை அவருடைய கையெழுத்தோடு ஒரு பாட்டில் வந்ததும் போனை எடுத்தேன்.

“அக்கா, இது கையிலதானே எடுத்தது?”

“கையிலதான் அண்ணே. இடது கை. ரெண்டாவது குத்துல கிடைச்சுது.”

போன வியாழக்கிழமை மத்தியானம் லேபில் கூட்டம் நெரிந்தது. பாட்டில்களை வாங்கி மிஷினில் அடுக்கிவிட்டு வேறு வேலையில் மூழ்கிவிட்டேன். அரை மணி கழித்துப் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் அக்கா.

“என் பாட்டில் வந்து சேர்ந்துச்சா?”

“வந்துச்சுக்கா.”

“ஏன் அண்ணே இன்னும் கேக்கல?”